பதினொரு மணிக்கே மதியம்

எல்லையோரத்து ஊர்கள் – 7

ஹங்கேரி முழுக்கத் தேவாலயங்களில் மதியம் 12 மணிக்கு மணி அடிக்கும். 1456-இல் நாந்தோர்ஃபெஹெர்வார் கோட்டையில், அதாவது இன்றைய பெல்கிரேடில், துருக்கியரை விரட்டியடித்த நினைவு அது என்று அங்கே பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய கோசெக் என்ற சிற்றூரில் மட்டும் 11 மணிக்கே அடித்துவிடுவார்கள். கடிகாரக் கோளாறு இல்லை. அவர்களுக்கென்று தனியாக ஒரு துருக்கிக் கதை இருக்கிறது.

சென்ற அத்தியாயத்தை மொஹாச் போர்க்களத்தில் நிறுத்தியிருந்தோம். 1526 ஆகஸ்ட் 29. இருபதே வயதான மன்னன் இரண்டாம் லாயோஷ், தோற்றுத் தப்பியோடும்போது ஓடையில் விழுந்து செத்துப்போனான். வாரிசு இல்லை. ஒரு நாட்டுக்கு இரண்டு ராஜாக்கள் முளைத்தார்கள். ஒருவர் டிரான்சில்வேனியாவின் பெரும் பிரபு சாப்போயாய் யானோஷ். இன்னொருவர் இறந்த மன்னனின் மைத்துனர், ஆஸ்திரியாவின் ஃபெர்டினாண்டு. முதலாமவருக்கு சுல்தான் சுலைமானின் ஆசி. இரண்டாமவருக்கு அண்ணன் பலம். அந்த அண்ணன் புனித ரோமப் பேரரசர் ஐந்தாம் சார்லஸ். 1529-இல் சுலைமான் வியன்னாவை முற்றுகையிட்டுப் பார்த்தார். மழையும் குளிரும் முந்திக்கொள்ள, திரும்பிப் போனார். மூன்று ஆண்டு கழித்து, 1532 ஏப்ரல் கடைசியில், மறுபடி இஸ்தான்புல்லை விட்டுக் கிளம்பினார். இந்த முறை மோதிப் பார்க்க நினைத்தது அண்ணனோடு.

வழியில் இருந்த கோட்டைகள் ஒவ்வொன்றாகச் சாவியை நீட்டின. சிலது ஒரு வெடிகூட வெடிக்காமல். கோசெக்கும் நீட்டியிருந்தால் அந்த ஊரைப் பற்றி எழுத இத்தொடரில் இடம் இருந்திருக்காது.

இப்போதும் 12 ஆயிரம் பேர்கூட முழுசாக இல்லாத ஊர் அது. ஆல்ப்ஸ் மலை கிழக்கே சரிந்து சமவெளியில் கரையும் கடைசி மேடுகளின் அடிவாரம். ஜெர்மன்காரர்கள் கூன்ஸ் என்பார்கள், குரோவாட்டியர்கள் கிசெக் என்பார்கள். மூன்று பெயருக்கும் உரியவர்கள் ஊருக்குள்ளும் சுற்றுவட்டாரத்திலும் இருந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயம் முழுக்க அவர்களைப் பற்றியதுதான். 1328-இல் மன்னர் காரோய் ரோபெர்ட் இதற்கு நகர உரிமை தந்தார். அடுத்த நூற்றாண்டின் நடுவில் ஹாப்ஸ்பர்க் அரசர் மூன்றாம் ஃபிரெடரிக் பிடித்துக்கொண்டார். இடையில் மாத்யாஷ் மன்னர் சில ஆண்டுகளுக்கு மீட்டதைத் தவிர்த்தால், 1647 வரை ஊர் ஆஸ்திரியப் பக்கத்து அடமானச் சொத்து. ஹங்கேரியின் வீரத்துக்கு உதாரணமாகப் பாடப்புத்தகத்தில் வரும் முற்றுகை நடந்த காலத்தில், ஊர்ப் பத்திரம் ஹங்கேரியின் கையில் இல்லை.

காவல் தலைவரும் ஹங்கேரியர் இல்லை. நிகோலா யூரிஷிச், அட்ரியாட்டிக் கடற்கரையின் செனி துறைமுகத்தில் பிறந்த குரோவாட்டியர். ஹங்கேரியர்கள் அவரை யூரிஷிச் மிக்லோஷ் ஆக்கிக்கொண்டார்கள். ஃபெர்டினாண்டின் நம்பிக்கைக்குரிய தளபதி. சமாதானம் பேச 1530-இல் இஸ்தான்புல்லுக்குத் தூது போன இருவரில் ஒருவர். அங்கே அவர் எதிரே உட்கார்ந்து பேசியது சுலைமானின் தலைமை அமைச்சர் இப்ராஹிம் பாஷாவுடன். தூது பலிக்கவில்லை. ஆனால் எதிராளி எப்படிப் பேசுவார், எதற்கு மசிவார், எது அவருக்குக் கௌரவப் பிரச்சினை என்பதெல்லாம் யூரிஷிச்சுக்குப் பழகிவிட்டது. இரண்டே ஆண்டில் அந்தப் பழக்கம் ஒரு ஊரின் உயிரைக் காப்பாற்றப் போகிறது.

1532 ஆகஸ்ட் தொடக்கத்தில் இப்ராஹிமின் படை கோசெக்கை வந்து சூழ்ந்தது. சில நாளில் சுல்தானே வந்து சேர்ந்தார். மொத்தப் படை லட்சத்தைத் தாண்டும் என்பார்கள். அந்தக் காலத்துப் படைக் கணக்கு எதையும் கொஞ்சம் கழித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு கழித்தாலும் உள்ளே இருந்தவர்களோடு ஒப்பிடவே முடியாது. மதிலுக்குள் போர்த்தொழில் தெரிந்தவர்கள் ஐம்பது பேருக்கும் குறைவு. ஆயுதம் ஏந்தக்கூடிய மற்றவர்கள் எழுநூறு எண்ணூறு பேர். ஊர்க்காரர்களும், கால்நடையோடும் குழந்தைகளோடும் ஓடிவந்து தஞ்சம் புகுந்த அக்கம்பக்கத்துக் குடியானவர்களும். பீரங்கி இல்லை. வெடிமருந்து கொஞ்சம். யூரிஷிச் தன் சிறு படையோடு கிளம்பி வியன்னாப் பக்கம் மன்னரிடம் போய்ச் சேரத்தான் முதலில் நினைத்திருந்தார். தஞ்சம் வந்த கூட்டம் விடவில்லை. தங்கிவிட்டார். சுல்தானுக்கு நான் ஈடு என்ற எண்ணத்தில் இதைச் செய்யவில்லை, நீங்களும் பேரரசரும் படை சேர்க்கும்வரை கொஞ்ச நாள் அவரை நிறுத்திவைக்கவே பார்க்கிறேன் என்ற பொருளில் ஃபெர்டினாண்டுக்குக் கடிதம் எழுதினார். வீர வசனம் எதுவும் இல்லாத, கணக்குத் தெரிந்த மனிதரின் கடிதம்.

துருக்கியரிடமும் ஒரு குறை இருந்தது. அந்தக் கோடையில் விடாத மழை. சேற்றில் பெரிய முற்றுகைப் பீரங்கிகளை இழுத்துவர முடியவில்லை. அதனால் மதிலின் அடியில் சுரங்கம் தோண்டி வெடி வைத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் எதிர்ச்சுரங்கம் தோண்டினார்கள். துருக்கியர் அகழியை விறகாலும் மண்ணாலும் நிரப்பி, மதில் உயரத்துக்கு மேடு கட்டி, அதன்மேல் ஏறி நின்று சுட்டார்கள். தாக்குதல் மேல் தாக்குதல். ஆகஸ்ட் 28 அன்று கடைசிப் பெருந்தாக்குதல். யூரிஷிச் காயப்பட்டிருந்தார். மதிலின் ஒரு பகுதியில் துருக்கியக் கொடிகள் ஏறிவிட்டன. அப்போது உள்ளே அடைந்துகிடந்த கிழவர்களும் பெண்களும் குழந்தைகளும், இனி சாவுதான் என்று ஒரே குரலில் ஓலமிட்டார்கள். அந்த ஓலத்தைக் கேட்டு, உள்ளே புதுப்படை ஒன்று மறைந்திருக்கிறது என்று மிரண்டு, ஏறியவர்கள் பின்வாங்கிவிட்டார்கள் என்கிறது பழைய வரலாறு. பக்கத்து ஊரான சோம்பத்ஹெய்யில் பிறந்த புனித மார்ட்டின் வானத்தில் குதிரைமேல் தோன்றினார் என்று பிறகு சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு ஓலமே போதும்.

இப்ராஹிம் பேச்சுக்கு அழைத்தார். பிணை வாங்கிக்கொண்டு, காயத்தோடு யூரிஷிச் பாஷாவின் கூடாரத்துக்குப் போனார். இந்தச் சந்திப்பைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். ஆஸ்திரியக் கோமகனுக்காகப் பேசியவர் குரோவாட்டியர். ஒட்டோமான் சுல்தானுக்காகப் பேசியவரோ அயோனியக் கடற்கரையின் பர்கா என்ற ஊரில் கிறிஸ்தவராகப் பிறந்து, சிறுவனாக இருக்கும்போதே அடிமையாகப் பிடிபட்டு, சுல்தானின் நண்பராக வளர்ந்தவர். பேரம் ஒரு ஹங்கேரிய ஊருக்கு. அந்த ஊரில் பாதிப் பேர் பேசியது ஜெர்மன். இதைத்தான் பின்னாளில் இரண்டு தேசங்களின் போர் என்று எழுதினார்கள்.

பேரம் முடிந்த விதம் அழகு. ஊரைச் சுல்தானிடம் ஒப்படைத்ததாக ஒப்புக்குச் சொல்லிக்கொள்ளலாம். மதிலில் துருக்கியக் கொடிகளை நட்டுக்கொள்ளலாம். ஆனால் படை உள்ளே வராது. கோட்டை யூரிஷிச்சிடமே இருக்கும். பாஷாவுக்கு வெற்றி என்று சொல்லிக்கொள்ள ஒரு கொடி. யூரிஷிச்சுக்கு உயிரோடு ஒரு ஊர். ஒட்டோமான் பதிவுகளில் கோசெக் பணிந்த கோட்டை, ஹங்கேரியப் பதிவுகளில் பணியாத கோட்டை. இரண்டும் பொய்யில்லை. ஆகஸ்ட் 30 காலை 11 மணிக்குக் கடைசித் துருக்கியரும் கிளம்பிப் போனதாக ஊர் நம்புகிறது. அந்த 11 மணிதான் இது.

25 நாள் இழுபறி. அதற்குள் பேரரசர் சார்லஸ் வியன்னாப் பக்கம் பெரும்படை திரட்டிவிட்டார். பருவமும் திரும்பிவிட்டது. சுலைமான் வியன்னாவுக்குப் போகாமல் தெற்கே ஸ்டீரியாவுக்குள் இறங்கி, கிராட்ஸ் வழியாக ஊர் திரும்பினார். கோசெக்தான் வியன்னாவைக் காப்பாற்றியது என்பது ஊர்ப் பெருமை. மழைக்கும் சார்லஸின் படைக்கும் உரிய பங்கைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை ஊருக்குக் கொடுக்கலாம். அந்த மிச்சமே கணிசம். யூரிஷிச்சுக்கு பாரன் பட்டம் கிடைத்தது. இப்ராஹிமுக்குக் கிடைத்தது வேறு: 1536-இல் சுல்தானின் ஆணைப்படி கழுத்து நெரிக்கப்பட்டு இறந்தார்.

போருக்குப் பின் சுற்றுவட்டாரம் ஆளில்லாமல் கிடந்தது. அதே நூற்றாண்டில், துருக்கியருக்கு அஞ்சி வடக்கே நகர்ந்த குரோவாட்டியக் குடும்பங்கள் இந்தப் பகுதி நெடுகக் குடியேறின. கோசெக்கை அடுத்த ஹோர்வாத்சிதான், பெரெஸ்னே, ஓல்மோத் எல்லாம் அப்படி உருவான குரோவாட்டியக் கிராமங்கள். ஆக, 16-ஆம் நூற்றாண்டு முடியும்போது ஊர் தெளிவாக மூன்று மொழி ஊர்.

பிரதான சதுக்கத்துக்கு இன்று யூரிஷிச் பெயர். அங்கே இரண்டு தேவாலயங்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். ஒன்று 15-ஆம் நூற்றாண்டின் புனித யாக்கோபு ஆலயம். இன்னொன்று 1615-இல் கட்டத் தொடங்கிய புனித இம்ரே ஆலயம். இத்தனை சின்ன ஊரில், கைக்கெட்டும் தூரத்தில் எதற்கு இன்னொன்று? பிரிவினைக்குக் காரணம் மதமா என்றால் இல்லை. அப்போது இரு தரப்பும் லூத்தரன்தான். பழைய ஆலயத்தில் ஜெர்மன் பிரசங்கம், ஹங்கேரியருக்கு ஹங்கேரியப் பிரசங்கம் வேண்டும், அவ்வளவுதான். 1671-இல் கத்தோலிக்கர்கள் இரண்டையுமே எடுத்துக்கொண்டபோது மொழிச் சண்டை தானாகத் தீர்ந்தது. லூத்தரன்கள் நூறாண்டுக்கு மேல் காத்திருந்து, இரண்டாம் ஜோசப் பேரரசரின் சகிப்புத்தன்மை ஆணைக்குப் பின் 1783-இல் சொந்த ஆலயம் கட்டினார்கள். ஆணையில் நிபந்தனைகள் உண்டு. கோபுரம் கூடாது, தெருவைப் பார்த்து வாசல் கூடாது. சகிப்பின் அளவு அது.

18-ஆம் நூற்றாண்டு ஊருக்கு நல்ல காலம். டான்யூபுக்கு மேற்கிலுள்ள மாவட்டங்களுக்கான வட்டார நீதிமன்றம் இங்கே அமைந்தது. வழக்கறிஞர்கள் வந்தார்கள், அவர்களோடு வாடகையும் விருந்தும் வந்தன. திராட்சைத் தோட்டங்கள் மலைச்சரிவெல்லாம் ஏறின. அந்தக் காலத்தில் நகர மன்றம் தொடங்கிய ஒரு வழக்கம், உலகத்தில் வேறெங்கும் இப்படி நீடித்து நடந்ததாகத் தெரியாத ஒன்று: திராட்சைத் துளிர்ப் புத்தகம். ஆண்டுதோறும் ஏப்ரல் 24, புனித ஜியார்ஜ் நாளில் தோட்டங்களிலிருந்து இளந்துளிர்களை வெட்டி நகர மன்றத்துக்குக் கொண்டுவருவார்கள். அவற்றை உள்ள அளவில் அப்படியே புத்தகத்தில் வரைவார்கள். அந்த ஆண்டு வெயில் எப்படி, பனி விழுந்ததா, அறுவடை என்ன, மது தேறியதா என்று பக்கத்தில் குறிப்பு. தொடங்கியது 1740-இல். போரோ புரட்சியோ, ஆளும் கொடி எந்த நிறமோ, துளிர் வரைவது நிற்கவில்லை. சில ஆண்டுகளில் வரைந்தவர் கைதேர்ந்த ஓவியர் என்று தெரியும். சில ஆண்டுகளில் குமாஸ்தா கடனே என்று இழுத்துவைத்த கோடு. இரண்டும் ஒரே மதிப்புள்ள சான்று. வெப்பமானி பரவலாவதற்கு முந்தைய வசந்தகால வெப்பநிலையைக் கணிக்க, வானிலை ஆய்வாளர்கள் இந்தத் துளிர்களின் நீளத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நகர மன்றங்கள் எழுதிக் குவிக்கும் தாள்களில் இருநூறாண்டு கழித்து எது பயன்படும் என்று யாரால் சொல்ல முடியும்!

ஊரின் அடுத்த பெரிய பெயர் ஒரு யூத வணிகருடையது. பிலிப் ஷை, 1798-இல் இங்கே பிறந்தவர். 1848–49 புரட்சியின்போது ஹங்கேரியர்கள் பேரரசருக்கு எதிராக நிற்க, இவர் அரச குடும்பத்தின் பக்கம் நின்று உதவினார். அதை ஃபிரான்ஸ் ஜோசப் மறக்கவில்லை. 1859-இல் ஷைக்குப் பிரபுப் பட்டம். ஆஸ்திரியப் பிரபு வரிசைக்கு உயர்த்தப்பட்ட முதல் ஹங்கேரிய யூதர் அவர். அதே ஆண்டு சொந்தச் செலவில் கோசெக்கில் ஒரு யூத ஆலயம் எழுப்பினார்: வட்ட வடிவக் குவிமாடம், இருபுறமும் கோட்டைக் கொத்தளம் மாதிரி இரு சிறு கோபுரங்கள், உள்ளே நீலமும் பொன்னுமாகச் சுவரோவியம். மதம் பார்க்காமல் ஏழைக் குழந்தைகளுக்கு நிறுவனம் வைத்தார். புரட்சியை நேசிக்கும் ஹங்கேரிய வரலாற்றாசிரியர்களுக்கு இவரைப் பாராட்டுவதில் கொஞ்சம் சங்கடம் உண்டு. ஆனால் ஊருக்கு யார் என்ன செய்தார்கள் என்று மட்டும் பட்டியல் போட்டால், யூரிஷிச்சுக்கு அடுத்த இடம் இவருக்குத்தான்.

1883-இல் சோம்பத்ஹெய்யிலிருந்து ரயில் வந்தது. பின்னர் தண்டவாளம் வடக்கே, இன்று ஆஸ்திரியாவில் இருக்கும் ஊர்களை நோக்கியும் நீண்டது. அந்நாளில் ஊரில் செர்னெல் இஷ்ட்வான் என்றொருவர். பழைய பிரபுக் குடும்பம். அப்பா ஊரின் வரலாற்றை எழுதியவர், மகனுக்கோ பறவைகள். ஹங்கேரியப் பறவைகளைப் பற்றி 1899-இல் பெரும் நூல் வெளியிட்டார். பிள்ளைகளுக்கு மரம் நடவும் பறவைகளைக் காக்கவும் கற்றுத்தர ‘பறவை, மர நாள்’ என்று 1902-இல் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அரசு அதை எல்லாப் பள்ளிகளுக்கும் விரித்தது. பனிச்சறுக்குப் பலகையை ஹங்கேரிக்கு அறிமுகப்படுத்தி, அந்த மொழியில் அதற்கு முதல் கையேடு எழுதியவரும் இவரே. இப்படியொருவர் பெரிய நகரத்தில் இருந்திருந்தால் ஏதாவது ஒரு துறைக்குள் அடைபட்டிருப்பார்.

1910 கணக்கெடுப்பில் ஊரில் எட்டாயிரத்துச் சொச்சம் பேர். மூன்றில் ஒருவருக்கும் மேல் ஜெர்மன் மொழி. பத்தே ஆண்டில் அந்த எண்ணிக்கைக்கு வேறொரு அர்த்தம் வந்துவிட்டது.

1920 ஜூன் 4, திரியானோன். முதல் உலகப் போரில் தோற்ற ஹங்கேரியின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் பறிபோன ஒப்பந்தம். தோற்ற ஆஸ்திரியாவுக்கும் தோற்ற ஹங்கேரியிலிருந்து ஒரு துண்டு கிடைத்தது, ஜெர்மன் பேசுவோர் அதிகம் என்ற காரணத்தால். அந்தத் துண்டுதான் பூர்கன்லாண்ட். கோசெக் ஹங்கேரியில் தங்கியது. ஆனால் சந்தைக்கு வந்துகொண்டிருந்த கிராமங்கள் அந்தப் பக்கம். வாடிக்கையாளர்களும் சம்பந்திகளும் அந்தப் பக்கம். நகர மன்றத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் சர்வதேச எல்லை. 1921-இல் ஆயுதக் குழுக்கள் பூர்கன்லாண்டைக் கொடுக்க மறுத்துச் சண்டையிட்டன. லாய்த்தாபான்ஷாக் என்ற பெயரில் ஒரு மாதக் குட்டி நாடுகூட அறிவித்துப் பார்த்தார்கள். எல்லையை அளக்க வந்த குழுக்கள் கிராமம் கிராமமாகப் பேரம் பேசின. 1923-இல் ஓல்மோத், நார்தா, சென்ட்பேட்டர்ஃபா உள்ளிட்ட சில கிராமங்கள் ஹங்கேரிக்குத் திரும்பின. திரும்ப வேண்டும் என்று விடாமல் நின்றவர்களில் பெரும்பாலோர் குரோவாட்டியர்கள். மொழிவாரியாகக் கோடு கிழிக்க வந்தவர்களுக்கு இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரிந்திருக்காது.

முற்றுகையின் நானூறாவது ஆண்டு 1932-இல் வந்தது. கீழ்வாசல் கோபுரத்தை 19-ஆம் நூற்றாண்டில் ஊரே இடித்திருந்தது. இப்போது அதே இடத்தில் வீரர் கோபுரம் என்று புதிதாக ஒன்றைக் கட்டினார்கள். பார்த்தால் இடைக்காலக் கட்டடம் என்றே நினைப்பீர்கள். நிலத்தை இழந்த நாடு, இழக்காத ஒரு நாளைக் கல்லில் கட்டிப் பார்த்துக்கொண்டது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

அந்த ஆண்டுகளில் ஊரின் விளிம்பில் இருந்த ராணுவப் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1856-இல் ஹாப்ஸ்பர்க் படைக்காகத் தொடங்கியது; பிறகு ஹங்கேரிய அரசின் கைக்கு வந்தது. பத்துப் பதினோரு வயதுப் பையன்களைச் சேர்த்து அதிகாரிகளாக வார்க்கும் இடம். 1923-இல் இங்கே சேர்க்கப்பட்ட ஒட்லிக் கேசா என்ற பையன், 1959-இல் ‘எல்லையில் ஒரு பள்ளி’ என்ற நாவலை வெளியிட்டான். அடி, அவமானம், எழுதாத சட்டங்கள், அவற்றுக்கு நடுவே எப்படியோ பிழைத்துவரும் நட்பு. 20-ஆம் நூற்றாண்டு ஹங்கேரிய நாவல்களில் தலையாயது எது என்று கேட்டால் பலர் முதலில் சொல்வது இதைத்தான். எதேச்சாதிகாரம் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதை, அரசியல் சொல் ஒன்றும் இல்லாமல் ஒரு விடுதி அறைக்குள் காட்டிய நூல். ஹாப்ஸ்பர்க் காலத்தில் இதே பள்ளியில் படித்த இன்னொரு பையன் சாலஷி ஃபெரென்ஸ். அவன் வேறு வழியாக ஊருக்குத் திரும்பி வந்தான்.

சாலஷி, ஹங்கேரிய நாஜிகளான அம்புச்சிலுவைக் கட்சியின் தலைவன். 1944 அக்டோபரில் ஜெர்மானியர் அவனை ஆட்சியில் உட்காரவைத்தார்கள். அதற்கு முன்பே, அந்தக் கோடையில், கோசெக்கின் சிறிய யூதச் சமூகம் சோம்பத்ஹெய் வழியாக அவுஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டிருந்தது. ஷை கட்டிய ஆலயத்தில் தொழ ஆளில்லை. சோவியத் படை புடாபெஸ்ட்டை நெருங்க, சாலஷி அரசு மேற்கு எல்லைக்கு ஓடிவந்தது. அவன் தலைமையிடம் கோசெக். புனித இஷ்ட்வானின் மகுடம், ஹங்கேரியில் அரசுரிமையின் அடையாளமே அதுதான், அதையும் கூடவே கொண்டுவந்தார்கள். அதற்காக இங்கே மலையைக் குடைந்து ஒரு பதுங்கறை கட்டினார்கள். 1945 மார்ச் நடுவில் பக்கத்துக் கிராமமான வெலெமுக்கு மாற்றி, மாத இறுதியில் எல்லை தாண்டினார்கள். மகுடம் ஆஸ்திரியாவின் மாட்சே என்ற ஊரில் ஒரு எண்ணெய்ப் பீப்பாய்க்குள் புதைக்கப்பட்டு, அமெரிக்கர் கையில் சிக்கி, ஃபோர்ட் நாக்ஸ் பெட்டகத்தில் பல ஆண்டுகள் இருந்து, 1978 ஜனவரியில்தான் புடாபெஸ்ட் திரும்பியது.

மகுடத்தின் பயணம் சுற்றுலா வழிகாட்டிகளுக்குப் பிடித்த கதை. மகுடம் இங்கே இருந்த அதே மாதங்களில் அதே ஊரில் நடந்த இன்னொன்று அவ்வளவு சத்தமாகச் சொல்லப்படுவதில்லை. செம்படையைத் தடுக்க எல்லை நெடுகத் தென்கிழக்கு அரண் என்று ஒரு பதுங்குகுழி வரிசையை வெட்ட ஜெர்மானியர் முடிவெடுத்தார்கள். வெட்டியவர்கள் ஹங்கேரிய யூதக் கட்டாயத் தொழிலாளர்கள். கோசெக்கில் ஆயிரக்கணக்கானோர்; செங்கல் சூளையிலும் மதுத்தொழிற்சாலைக் கட்டடங்களிலும் அடைத்துவைத்தார்கள். ஜனவரிக் குளிர், டைஃபஸ், பசி, அடி. இதே அரணின் வடக்குப் பகுதியில், பால்ஃப் என்ற ஊரில், எழுத்தாளர் செர்ப் ஆண்டல் அடித்தே கொல்லப்பட்டார். 1945 மார்ச்சில் முன்னணி நெருங்கியபோது நடக்க முடிந்தவர்களை மேற்கே ஓட்டிப்போனார்கள். நடக்க முடியாத நோயாளிகள் நூறு பேர் அளவில் செங்கல் சூளையின் ஒரு கொட்டகையில் பூட்டப்பட்டு விஷவாயுவால் கொல்லப்பட்டார்கள்.

மார்ச் 24 அன்று கோசெக்கிலிருந்து ஒரு ரயில் தெற்கே போனது. அதில் ஏற்றப்பட்டவர்களில் வேலைக்கு லாயக்கில்லை என்று பிரித்தெடுத்த ஏறக்குறைய இருநூறு பேரை எல்லைக்கு அப்பால், ரெஹ்னிட்ஸ் என்ற ஊருக்குக் கொண்டுபோனார்கள். அன்றிரவு அங்கே பாத்தியானி சீமாட்டியின் கோட்டையில் நாஜிப் பிரமுகர்களுக்கு விருந்து. விருந்தின் நடுவே சிலர் துப்பாக்கியோடு கிளம்பிப் போனார்கள், அந்த இருநூறு பேரில் பெரும்பாலோரைச் சுட்டுக் கொன்றார்கள், திரும்பி வந்தார்கள். புதைகுழி இன்றுவரை கிடைக்கவில்லை. பல முறை தோண்டிவிட்டார்கள். நோபல் பரிசு பெற்ற எல்ஃப்ரீடே யெலினெக் இந்த இரவைப் பற்றி 2008-இல் ஒரு நாடகம் எழுதி அரங்கேற்றிய பிறகுதான் பல ஆஸ்திரியர்களுக்கு அந்த ஊரின் பெயரே பழக்கமானது. கோசெக்கிலிருந்து ரெஹ்னிட்ஸ் போக நடுவில் ஒரு மலைதான்.

யூதர்களுக்குப் பின் ஜெர்மானியர்கள். 1941 கணக்கெடுப்பில் தம்மை ஜெர்மானியர் என்று பதிந்தவர்களை அதே பதிவை வைத்து 1946-இல் நாடுகடத்தினார்கள். ஹங்கேரிய அரசின் ஆணை, போட்ஸ்டாம் மாநாட்டின் ஒப்புதல். பிறந்து வளர்ந்த வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு, கையில் தூக்க முடிந்ததோடு, தாம் பார்த்தேயிராத ஜெர்மனிக்கு ரயிலேறினார்கள். ஊரை ஒட்டி 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் குடியானவர்கள் உருவாக்கிய கோசெக்ஃபல்வாவும் அப்படித்தான் காலியானது. திராட்சைச் சரிவுகளை உழுதுவந்த கைகள் பெரும்பாலும் அவர்களுடையவை. 1532-இல் மதிலில் நின்ற ஜெர்மன் குடும்பங்களின் வழிவந்தவர்கள் அந்த ரயிலில் எத்தனை பேரோ, கணக்கெடுத்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அதன்பின் முள்வேலி. 1949 முதல் எல்லையில் கம்பியும் கண்ணிவெடியும். 1956-இல் அகற்றி, அடுத்த ஆண்டே மறுபடி புதைத்தார்கள். அறுபதுகளின் நடுவிலிருந்து வெடிக்குப் பதில், தொட்டால் காவல் நிலையத்தில் மணியடிக்கும் மின்கம்பி. எல்லைப் பட்டைக்குள் இருந்த ஊருக்கு வர அனுமதிச் சீட்டு வேண்டும்; அத்தையைப் பார்க்க வருகிறவருக்கும் வேண்டும். வடக்கே போன ரயில் பாதை எல்லையோடு முடிந்தது. மலையுச்சி ஈரோட்கோவில், 884 மீட்டர் உயரத்தில், ஒரு பார்வைக் கோபுரம் இருக்கிறது. எல்லைக் கோடு கோபுரத்தின் நடுவே ஓடும். அந்த ஆண்டுகளில் ஹங்கேரியருக்கு அங்கே ஏறத் தடை இருந்தது.

புதிய தொழில் எதையும் எல்லையில் கொண்டுவந்து வைக்க அரசுக்கு மனமில்லை. அதனால் அடுக்குமாடிப் பெட்டிகள் ஊருக்குள் பெரிதாக எழவில்லை. ஒவ்வொரு வீடும் பக்கத்து வீட்டைவிட ஓரடி முன்தள்ளி, ரம்பத்தின் பல் போல நிற்கும் தெருக்கள் அப்படியே தப்பின. அந்த மூலைகளில் மறைந்து எதிரியைத் தாக்கத்தான் இப்படிக் கட்டினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். 1978-இல் பழமையைப் பேணியதற்காக ஊருக்கு ஹில்ட் விருது தந்தார்கள். பேணியதில் பாதி, பணமில்லாததால் இடிக்காமல் விட்டது. இன்று வண்டி வண்டியாகச் சுற்றுலாப் பயணிகள் வந்து படம் எடுப்பது அந்த வறுமையைத்தான்.

1989 கோடை. ஆகஸ்ட் 19 அன்று ஷோப்ரோன் அருகே நடந்த ஐரோப்பிய உல்லாசக் கூட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட கிழக்கு ஜெர்மானியர்கள் எல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஆஸ்திரியாவுக்குள் நுழைந்ததும், காவலர்கள் பார்த்தும் பாராமல் நின்றதும் உலகப் புகழ். இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 21 இரவு, கோசெக்குக்குச் சற்று வடகிழக்கே ரேப்செவிஷ் கிராமத்தை ஒட்டி, வாழ்க்கைத் துணையோடும் ஆறு வயது மகனோடும் எல்லை தாண்ட முயன்ற வைமார் நகரக் கட்டடக் கலைஞர் ஒருவர், ஹங்கேரியக் காவலருடன் நடந்த கைகலப்பில் துப்பாக்கி வெடித்து ஆஸ்திரிய மண்ணில் விழுந்து இறந்தார். மூன்று வாரம் பொறுத்திருந்தால், செப்டம்பர் 11 முதல், சாலை வழியாகவே போயிருக்கலாம். அது அவருக்கு எப்படித் தெரியும்?

2004-இல் ஐரோப்பிய ஒன்றியம். 2007 டிசம்பர் 21 நள்ளிரவோடு எல்லைச் சோதனையும் போனது. கோசெக்காரர்கள் காலையில் காரில் பூர்கன்லாண்டுக்கு வேலைக்குப் போகிறார்கள். சம்பளம் அங்கே கூடுதல். ஆஸ்திரியர்கள் பல் கட்ட இங்கே வருகிறார்கள். கட்டணம் இங்கே குறைவு. 2015-இல் அகதிகள் வரத்து பெருகியபோது ஆஸ்திரியா மறுபடி சோதனை போட்டது; தற்காலிகம் என்றார்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டித்துக்கொண்டே வந்தார்கள். ஷையின் ஆலயம் பல பத்தாண்டுகள் கூரை ஒழுகிக் கிடந்து, அண்மையில் பழுதுபார்க்கப்பட்டு, இப்போது நிகழ்ச்சிகள் நடக்கும் அரங்கமாக இருக்கிறது. ஏப்ரல் 24-இல் துளிர் வரைவது தொடர்கிறது.

மூன்று மொழிகளில் இரண்டு மெலிந்துவிட்டன. மெலிந்த இரண்டிலும் குரோவாட்டிய மொழி கொஞ்சம் தெம்பாகவே இருக்கிறது. ஹோர்வாத்சிதானிலும் பெரெஸ்னேயிலும் பாட்டிமார் இன்னும் அதில்தான் சண்டை போடுகிறார்கள், பூசையில் அதில்தான் பாடுகிறார்கள். ஸாக்ரெப் நகரத்துக்காரருக்கு அந்தப் பேச்சு பாதிதான் புரியும். நானூற்றைம்பது ஆண்டு பழைய சொற்கள். யூரிஷிச் தன் ஆட்களுக்கு ஆணையிட்ட பேச்சுக்கு இன்றைய குரோவாட்டியாவைவிட இந்தக் கிராமங்களே பக்கத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்த இதழில், வடக்கே ஷோப்ரோன். எந்த நாட்டில் இருப்பது என்று 1921 டிசம்பரில் வாக்குச்சீட்டில் எழுதிக் கொடுத்த ஊர்.